ஆம்பூரில் இறங்கிச் சாப்பிடலாமா?

சென்னை மீனம்பாக்கத்தில் விமானத்தை விட்டு இறங்குகிறார் ஒருவர். பெங்களூர் போக வேண்டும். காரில் புறப்படுகிறார். ஸ்ரீபெரும்புதூர் போகிறது. காஞ்சீபுரம் போகிறது. வாலாஜா போகிறது. வேலூரைத் தாண்டும்போது வயிறு பேச ஆரம்பிக்கிறது. மணி பன்னிரண்டு.

"ஆம்பூர் வந்துவிட்டது. நிறுத்தட்டுமா, சார்?" என்று கேட்கிறார் டிரைவர்.

சாலையின் இரு பக்கமும் பார்க்கிறார் நமது பிரயாணி. எங்கு பார்த்தாலும் "பிரியாணி" என்ற பலகைதான். எல்லாமே "அசல்" என்கின்றன. எல்லாமே "பழைய கடை" என்கின்றன. எந்தக் கடையில் இறங்குவது?

இது ஒரு பிரயாணியின் பசிப் பிரச்சினை மட்டும்தானா? நன்றாக யோசித்துப் பார்த்தால், இதற்குள் ஓர் ஊரின் பிழைப்பே அடங்கியிருக்கிறது. இன்னும் சில ஆண்டுகளில், "ஆம்பூரில் நிறுத்தட்டுமா?" என்ற கேள்வியே எழாமல் போகக்கூடும். அதனால்தான் இந்தச் சோற்றுக் கதையை இந்த வாரம் எழுத வேண்டியதாயிற்று.

நவாபு வந்தார், ரெயில் வந்தது

வழிப்போக்கர்கள் தங்கி உண்ணும் ஊராக ஆம்பூர் எப்படி ஆயிற்று?

படத்தைப் பாருங்கள். சென்னையிலிருந்து பெங்களூர் போகும் பாதையில் ஏறக்குறைய பாதி வழியில் இருக்கிறது இந்த ஊர். ஒரு பக்கம் ஜவ்வாது மலைத்தொடர். நடுவில் பாலாறு. கர்நாடக மேட்டு நிலத்திலிருந்து இறங்கி ஆற்காட்டுச் சமவெளிக்கு வரும் படைகளுக்கு இது ஒரு முக்கிய வழியாக இருந்தது. 1749-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ந்தேதி ஆம்பூரில் நடந்த சண்டையில் ஆற்காட்டு நவாபு அன்வருத்தீன் கான் மாண்டார். சந்தா சாகிபுக்கும் முசாபர் ஜங்குக்கும் பிரெஞ்சுக்காரர்கள் துணை நின்ற போர் அது.

படை போன வழியில் சமையல்காரர்களும் போனார்கள். நவாபுகளின் சமையற்கட்டில் பழகிய கைகளே ஆம்பூருக்கு இந்தப் பக்குவத்தைக் கொண்டு வந்தன என்று ஊரார் இன்றும் சொல்லுகிறார்கள்.

பிறகு ரெயில் வந்தது. தென்னிந்தியாவின் முதல் ரெயில் பாதை 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை திறக்கப்பட்டது. அது பின்னர் காட்பாடி, ஆம்பூர், ஜோலார்பேட்டை என்று நீண்டது. அதன் பிறகு லாரியும் பஸ்ஸும் வந்தன. பாதி வழியில் நிற்கும் ஊருக்குப் பசியோடு வருகிறவர்கள் குறையவே இல்லை.

முதலில் உண்டவன் தொழிலாளி

ஆனால் வழியில் இருப்பதால் மட்டும் ஓர் ஊரின் சோறு ருசித்துவிடாது. வழியில் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் ஒரு நாள் வந்து போகும் பிரயாணிக்கென்றே சமைக்கிறார்கள். அந்த மனிதர் திரும்பி வரப் போவதில்லை என்பது கடைக்காரருக்குத் தெரியும். ஆறிய சோற்றைச் சுடவைத்துக் கொடுத்துவிடலாம்.

ஆம்பூரில் அது செல்லாது. ஏன் தெரியுமா? அங்கே நாள்தோறும் உண்ணுகிறவன் அந்த ஊர்த் தொழிலாளி.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரையை ஒட்டி நெடுகிலும் தோல் ஷாப்புகள். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்கள். பிறகு குரோமிய உப்பு வந்தது. பதனிட்ட தோலை மட்டும் அனுப்பிய ஊர்கள், 1970-களுக்குப் பிறகு காலணியும் கையுறையும் தைத்து அனுப்பத் தொடங்கின. ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளில் தைக்கும் கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகள்.

சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலைத் தூக்கிச் சதை வழிப்பது லேசான வேலையா? நீர் ஊறிய மாட்டுத் தோல் ஒன்றை ஒருவர் தூக்கினால் இடுப்பு கழன்றுவிடும். அந்த வேலைக்குப் போகிறவனுக்கு வயிறு நிறையச் சோறு வேண்டும், கறி வேண்டும், விலை அவன் கூலிக்குள் அடங்க வேண்டும். தோலும் கறியும் ஒரே ஆட்டிலிருந்து வருகிறவைதானே! கறிக் கடையும் தோல் மண்டியும் சமையற்கட்டும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஊரில் நல்ல பிரியாணி பிறந்ததில் அதிசயம் இல்லை.

இன்று மோசமாகச் சமைத்தால் நாளை அந்தத் தொழிலாளி வரமாட்டான். பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான். ஒரு நாள் வருகிற பிரயாணிக்கு நல்ல சோறு கிடைப்பது, தினம் வருகிற தொழிலாளியின் கண்டிப்பால்தான்.

பக்குவம் என்ன?

ஆம்பூர்ப் பிரியாணிக்குச் சீரகச் சம்பா அரிசி. நீண்ட பாசுமதி அல்ல. மணி சிறியது, மசாலாவை நன்றாக இழுத்துக்கொள்ளும். வற்றல் மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதுதான் நிறத்தையும் காரத்தையும் கொடுக்கிறது. இஞ்சி, பூண்டு, தயிர், பட்டை, கிராம்பு, ஏலம். கறியைத் தனியாக வேகவிட்டு, அரிசியை அரை வேக்காட்டில் வடித்து, இரண்டையும் தேக்சாவில் சேர்த்து மூடி, மூடியின் மேல் தணல் போட்டுத் தம் விடுகிறார்கள். கூடவே புளிப்பும் காரமுமாகக் கத்தரிக்காய்த் தொக்கு. தயிரில் போட்ட வெங்காயம்.

பெரிய கடைகளில் மட்டும் இது கிடைக்கிறது என்று எண்ண வேண்டாம். ஒரே ஒரு தேக்சாவும் நான்கு ஸ்டூலும் வைத்து நடத்தும் கடைகளும் உண்டு. பகலில் தேக்சா காலியானால் கடையும் மூடிவிடும். மாலையில் தள்ளுவண்டிகள் வந்துவிடும். இட்லி, தோசை, ஆட்டுக்கால் சூப் என்று வண்டிக்கு ஒரு வாசனை. ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சியும் சமோசாவும் தெருவை நிறைக்கும்.

வேலூரில் வேறு ஒரு காட்சி. அங்கே வழிப்போக்கர்கள் நோயாளிகளாக வருகிறார்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சிகிச்சை நிலையம் சி.எம்.சி. ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் நோயாளிகள் ரெயிலேறி வருகிறார்கள். நாள் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் தங்குகிறார்கள். விளைவு என்ன? ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளி எழுத்தில் பலகை. உள்ளே மீன் குழம்பும் சோறும். வீட்டை விட்டு ஆயிரம் மைல் வந்து, படுக்கையில் கிடப்பவருக்குக் காவல் இருப்பவருக்கு, நம் ஊர் மீன் குழம்பு கிடைக்கிறதே என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஆகவே, வழியோரச் சோற்றை வேடிக்கை விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதை நம்பிச் சமைப்பவர் பிழைக்கிறார். அதை நம்பி உண்பவர் தெம்பு பெறுகிறார்.

மூன்று பக்கமும் நெருக்கடி

இப்போது இந்தச் சோற்றுக்கு மூன்று பக்கத்திலிருந்தும் நெருக்கடி வந்திருக்கிறது.

முதலாவது, சாலை. சென்னை - பெங்களூர் அதிவேகச் சாலைக்கு 2022-ஆம் ஆண்டு மே 26-ந்தேதி சென்னையில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். நீளம் 262 கிலோ மீட்டர். ஓசகோட்டையிலிருந்து கிளம்பி, ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்துக்குள் போய், ராணிப்பேட்டைப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, ஸ்ரீபெரும்புதூரில் முடியும் பாதை. அதாவது, வாணியம்பாடியும் ஆம்பூரும் அதன் வழியில் இல்லை! கர்நாடகப் பகுதியில் ஒரு பங்கு 2024-ன் இறுதியிலேயே வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

வேகமாகப் போக வேண்டியவர்களுக்கு நல்ல சாலை தேவைதான். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது வேலி போட்ட சாலை. நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. குறித்த இடங்களில் மட்டும் குத்தகைக்கு விடப்பட்ட இளைப்பாறும் நிலையங்கள் இருக்கும். குத்தகைத் தொகையை யாரால் கட்ட முடியும்? ஒரு தேக்சாக்காரராலா?

ரெயிலும் இதே பாடத்தைத்தான் சொல்லுகிறது. 2022 நவம்பரில் ஓடத் தொடங்கிய சென்னை - மைசூர் வந்தே பாரத் ரெயில் காட்பாடியில் நிற்கும், ஆம்பூரில் நிற்காது. பிரயாணிக்குச் சாப்பாடு இருக்கையிலேயே வந்துவிடுகிறது. வேகம் கூடக்கூட, இடை ஊர்கள் ஜன்னலுக்கு வெளியே ஓடும் பெயர்ப் பலகைகளாகிவிடுகின்றன.

இரண்டாவது, தொழில். 2025 ஆகஸ்டு 27-ந்தேதி முதல் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. தோல் சரக்குக்கு அமெரிக்கா பெரிய சந்தை. அங்கே ஓர் உத்தரவில் கையெழுத்து விழுந்தால், இங்கே தொழிற்சாலை வாசலில் வேலை நாட்கள் குறைகின்றன. வேலை நாட்கள் குறைந்தால் வாசலில் நிற்கும் தள்ளுவண்டியில் இட்லி மீதியாகிறது. வாஷிங்டனுக்கும் ஆம்பூர் இட்லிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் அந்த வண்டிக்காரரைக் கேட்கட்டும்!

மூன்றாவது, தண்ணீர். தோல் தொழில் சோறு போட்டது உண்மை. பாலாற்றைக் கெடுத்ததும் உண்மை. தோல் ஷாப்புகள் மிகுந்த இப்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்ற ஆய்வுத் தகவலை, 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ந்தேதி வேலூர்க் குடிமக்கள் நலச் சங்க வழக்கில் தீர்ப்புக் கூறும்போது சுப்ரீம் கோர்ட்டு எடுத்துக் காட்டியது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நாட்டுக்குச் சொன்ன தீர்ப்பு அது. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30-ந்தேதி, இதே பாலாற்று மாசு பற்றிச் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் தீர்ப்பளிக்க வேண்டி வந்தது. அரிசி கழுவத் தண்ணீர் வேண்டாமா? ஊர்க் கிணறு உப்புக் கரித்தால் தெருக்கடைக்காரர் குடம் குடமாக விலை கொடுத்து வாங்குகிறார். அந்தச் செலவும் தட்டின் விலையில்தான் ஏறுகிறது.

விருந்தில் விடுபட்டவர்கள்

இவை போதாதென்று, 2022-ல் நாமே ஒரு தவறு செய்தோம்.

அந்த ஆண்டு மே 13 முதல் மூன்று நாட்கள் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்த திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. ஊரின் பெயரைப் பரப்புவதும், பிரியாணிக்குப் புவிசார் குறியீடு பெற வழி செய்வதும் நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆனால் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு அங்கே இடமில்லை என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. திருவிழா வாசலில் மாட்டிறைச்சிப் பிரியாணியை இலவசமாக வழங்குவோம் என்று சில அமைப்புகள் அறிவித்தன. கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழா ஒத்திவைக்கப்பட்டது. இது பாகுபாடு ஆகாதா என்று கேட்டு மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் மாவட்ட நிர்வாகத்திடம் விளக்கம் கோரியது.

உண்பதும் உண்ணாததும் அவரவர் விருப்பம். அதில் யாரும் யாரையும் வற்புறுத்த முடியாது. ஆனால் கேள்வி அதுவன்று. ஆம்பூரில் குறைந்த விலையில் வயிறு நிறைக்கும் பிரியாணி எது? மாட்டிறைச்சிப் பிரியாணி. அதை உண்பவர்கள் யார்? தோல் ஷாப்பிலும் தொழிற்சாலையிலும் உழைக்கும் எளியவர்கள். முஸ்லிம்களும் தாழ்த்தப்பட்ட மக்களும். ஊரின் புகழை உண்டாக்கியவர்களின் தட்டை அப்புறப்படுத்திவிட்டு ஊரின் புகழுக்கு விழா எடுத்தால், அது யாருக்கு விழா?

இதில் ஒரு வேடிக்கை. மறு ஆண்டு, 2023-ல், வேலூர் முள்ளு கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரியாணிக்குப் பக்கத்தில் வைக்கும் கத்தரிக்காய்க்குச் சான்றிதழ் வந்துவிட்டது. விழாவுக்கு நாயகனாயிருக்க வேண்டிய பிரியாணியோ வழக்காடிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டது!

சிங்கப்பூரில் என்ன செய்தார்கள்?

சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கும் ஒரு காலத்தில் தெருவெல்லாம் தள்ளுவண்டிகள். தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று அவரவர் பண்டத்தை அவரவர் விற்றனர். சாக்கடை ஓரத்தில் சமையல். ஆற்றில் எச்சில் நீர். அரசாங்கம் என்ன செய்தது? விரட்டி அடித்துவிட்டுக் கைகழுவவில்லை. 1968-69-ல் தீவு முழுவதும் வியாபாரிகளைக் கணக்கெடுத்துப் பதிவு செய்தது. 1971 முதல் 1986 வரை குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் கூரையும் உள்ள உணவங்காடிகளைக் கட்டி அவர்களைக் குடியமர்த்தியது. அந்த அங்காடிப் பழக்கத்தை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது.

சாங்கி விமான நிலையத்தில் சில மணி நேரம் காத்திருக்கும் பிரயாணிகூட, பக்கத்திலுள்ள சாங்கி வில்லேஜ் அங்காடிக்கு ஓடிப்போய் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு அடுத்த விமானத்தைப் பிடிக்கிறார். லிட்டில் இந்தியாவில் தேக்கா அங்காடியில் நம்மவர்களின் பிரியாணிக்குக் கூட்டம் நிற்கிறது.

அங்கும் குறை இல்லாமல் இல்லை. வயதான வியாபாரிகளுக்குப் பின் அடுப்படிக்கு வர இளைஞர்கள் தயங்குகிறார்கள். ஆனாலும் தெருச் சோற்றை நாட்டின் சொத்தாக மதித்தார்கள் என்பதை மறுக்க முடியாது.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம். ஊர்தோறும் விற்பனைக் குழு வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடியும் வரை யாரையும் அகற்றக் கூடாது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தானாக அமைந்து நடக்கும் சந்தையை மரபுச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்குள்ளவர்களை இடம் மாற்றக் கூடாது என்கிறது சட்டம். காகிதத்தில் குறையில்லை. அதைத் தெருவுக்குக் கொண்டு வருவதுதான் பாக்கி.

செய்ய வேண்டியவை

என்ன செய்யலாம்? நாம் நினைப்பதைச் சொல்லுகிறோம்.

அதிவேகச் சாலையின் இளைப்பாறும் நிலையங்களில் ஒரு பகுதியை, பெரிய குத்தகைக்காரர்களுக்கு விடாமல், அந்தந்த மாவட்டத்துச் சிறு சமையல்காரர்களுக்குக் குறைந்த வாடகையில் ஒதுக்க வேண்டும். ராணிப்பேட்டைப் பகுதியில் ஆம்பூர்க் கைகளே தம் விடட்டும்.

சென்னையின் இரண்டாவது விமான நிலையம் காஞ்சீபுரத்தை அடுத்த பரந்தூரில் அமையும் என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது. நிலத்தை இழக்க மனமில்லாத கிராமத்தார் போராடினார்கள். அங்கே என்ன கட்டினாலும், முதலில் அந்த மக்களுக்கு நியாயம் செய்ய வேண்டும். பிறகு, பிரயாணிகளுக்குச் சோறு போடும் உரிமையில் சுற்று வட்டாரத்தாருக்கும் பங்கு வேண்டும். நிலம் கொடுத்தவன் வேலிக்கு வெளியே நின்று விமானத்தை வேடிக்கை பார்க்கும் நிலை வரக்கூடாது.

ஆம்பூர் பஜாரிலும், தொழிற்சாலை வாசல்களிலும், வேலூர் ஆஸ்பத்திரித் தெருக்களிலும் தெருக்கடைகளுக்கு நல்ல தண்ணீர்க் குழாயும், கழிவு நீர் போக வழியும், இரவில் விளக்கும் போட வேண்டும். அபராதச் சீட்டைக் கொண்டுபோகும் அதிகாரி, குழாயையும் கொண்டுபோகட்டும்.

திருவிழாவை மறுபடி நடத்தட்டும். எல்லாத் தேக்சாவும் வரட்டும். விரும்புகிறவர் விரும்பியதை உண்ணட்டும்.

பிரயாணிக்கு ஒரு வார்த்தை

இனி, காரில் காத்திருக்கும் நம் பிரயாணிக்கு வருவோம். எந்தக் கடையில் இறங்குவது என்றுதானே கேட்டார்?

பெரிய பலகையைப் பார்க்காதீர்கள். வாசலில் நிற்கும் சைக்கிளையும் மொபெட்டையும் பாருங்கள். வெளியூர்க் கார் மட்டும் நிற்கும் கடையைவிட, உள்ளூர்ச் சைக்கிள் நிற்கும் கடை மேல். பகல் பதினொன்றரையிலிருந்து ஒரு மணிக்குள் போங்கள்; தேக்சா திறந்த சூட்டில் கிடைக்கும். மூன்று மணிக்குப் போய்விட்டு ருசி இல்லை என்று சொல்லாதீர்கள். பாத்திரம் கழுவும் இடத்தை ஒரு முறை எட்டிப் பாருங்கள். குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். கேட்பது குற்றமல்ல, நல்ல கடைக்காரர் கோபிக்கமாட்டார். சைவர்களும் கவலைப்பட வேண்டாம். இட்லிக் கடைக்கும் இதே விதிதான்.

பணத்தைக் கொடுத்துவிட்டுப் புறப்படும்போது, கரண்டி பிடித்தவரைப் பார்த்து "சோறு நன்றாக இருந்தது, பாய்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அடுப்புப் புகையில் காலையிலிருந்து நின்றவர் அவர். வேகச் சாலை வந்த பிறகும் ஆம்பூருக்காக அரை மணி நேரத்தைச் செலவிட நீங்கள் தயாரானால், அந்த அடுப்பு அணையாது.

டிரைவர் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார். நிறுத்தச் சொல்லுங்கள்!